பச்சைத் தாளில் போன புகார்

கேஸ் ஏஜென்சியில் ஆறு வருடம் போன் எடுத்தவளுக்கு வசவு புதிதில்லை. சிலிண்டர் ஒரு நாள் தாமதமானால் அவள் பிறப்பு வளர்ப்பு அத்தனையையும் இழுத்துவிட்டுத்தான் மறுமுனை ஓயும். அவள் கோபப்பட மாட்டாள். "சொல்லுங்க, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்பாள். அதை அவள் சொல்கிற விதத்தில் என்ன இருந்ததோ, கத்திக்கொண்டிருந்தவர்கள் பாதியில் குரலைத் தணித்துக்கொண்டு வீட்டுக் கதை பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தக் குரலுக்காகத்தான் புகார் எண் ஆபீசில் அவளை எடுத்தார்கள். பேட்டரிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. ஒன்பது மேஜை, ஒன்பது பெண்கள், ஒன்பது ஹெட்போன். சாய்ந்து உட்கார நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி. கணவன் வேலை பார்த்த தொழிற்சாலை மூடி ஒன்றரை வருடமாகியிருந்தது. அவன் சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டிருந்தான். இவள் வேலைக்குப் போன முதல் நாள் டிபன் பாக்ஸை நீட்டி, "அங்கயாவது வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு. ஊர் வம்பை எல்லாம் தலையில போட்டுக்காத" என்றான்.

ஒரு பல்கலைக்கழகம் நடத்திய ஆராய்ச்சி அது. அரசு ஆஸ்பத்திரிகளில் லஞ்சத்தைக் குறைக்க எது உண்மையில் பலிக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். புரொபசர் ஒருவர் தலைமை. மெலிந்த, மரியாதையான மனிதர். டீ கொண்டுவருபவரைக்கூட நீங்க வாங்க என்றுதான் கூப்பிடுவார். இருபது ஆஸ்பத்திரிகளின் சுவர்களில் ஒரு இலவச எண்ணை ஒட்டியிருந்தார்கள். யார் கை நீட்டினாலும் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

அன்றாட வேலையைப் பார்த்துக்கொண்ட மேற்பார்வையாளருக்குப் பெண்கள் ஸ்டேப்ளர் என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு தாளைச் சேர்த்துப் பார்த்தால் பின் அடித்துவிடுவார். யாராவது கேள்வி கேட்டால் அவர்கள் வாய்க்கும் அதே கதிதான்.

"எந்த வார்டு, எந்த நாள், யாரு, என்ன கேட்டான், எல்லாத்தையும் எழுது. விவரம் எவ்வளவு இருக்கோ அவ்வளவு பலம்" என்று அவர் சொல்லிக்கொடுத்தார். "கடைசில மறக்காம சொல்லணும், உங்க பேரு வெளிய வராதுன்னு. ஒருத்தரையும் விட்டுடக் கூடாது."

தாள் இரண்டு நிறம். பத்து ஆஸ்பத்திரிகளுக்குப் பச்சை, பத்துக்கு வெள்ளை. பச்சைத் தாளில் எழுதிய புகார், பெயரை மட்டும் வெட்டிவிட்டு, இரண்டே நாளில் அந்த ஆஸ்பத்திரியின் தலைமை அதிகாரிக்குப் போய்விடும். வெள்ளைத் தாள் எங்கும் போகாது. அலமாரியில் பூட்டி வைத்துவிடுவார்கள். வருடம் முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, புகாரை அனுப்புவதால் லஞ்சம் குறைகிறதா என்று கணக்குப் பார்ப்பார்கள். எந்த ஆஸ்பத்திரி எந்த நிறம் என்று போன் செய்கிறவர்களுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. போன் எடுக்கிறவள் இரண்டு பேரிடமும் ஒரே குரலில்தான் பேச வேண்டும்.

தையல்கார அக்காவின் முதல் அழைப்பு இரண்டாவது மாதம் வந்தது. பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"தப்பா நெனச்சுக்காத தங்கச்சி, கை வேலையை நிறுத்த முடியாது. நாளைக்குள்ள நாப்பது ஸ்கூல் யூனிபார்ம் குடுக்கணும். நீ கேளு, நான் தைச்சுக்கிட்டே சொல்றேன்."

அக்காவின் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் மெஷினில் ரத்தம் சுத்தமாக வேண்டும். அந்த வார்டில் யாருக்கு எந்த மெஷின், எத்தனை மணி நேரம் என்று முடிவு செய்பவன் தலைமை டெக்னீஷியன். நோயாளிகள் அவனுக்கு மணிக்கூண்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆளும் உயரம், நேரமும் அவன் சொல்வதுதான். கையில் ஏதாவது வைத்தால் நான்கு மணி நேரம். வைக்காவிட்டால் இரண்டரை மணி நேரத்தில் ஊசியைப் பிடுங்கிவிடுவான். மிச்ச நேரத்துக்கு வெளியிலிருந்து ஆள் வருவார்கள், அவனுக்குத் தனியாகக் கொடுத்துவிட்டு.

"முதல்ல குடுத்துக்கிட்டுதான் இருந்தோம், தங்கச்சி. இப்ப முடியல. என்னால முடிஞ்சா நான் ஏன் போன் பண்றேன்?"

அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். வெள்ளைத் தாளில். அந்த ஆஸ்பத்திரி வெள்ளை.

"உங்க பேரு வெளிய வராதுக்கா" என்றாள்.

"வந்தாத்தான் என்ன? அவன் நேரத்தைக் குடுத்தா போதும்."

அதற்குப் பிறகு அக்கா வாரம் தவறாமல் கூப்பிட்டாள். வேறு பெண் எடுத்தால், "அந்தக் குளுமையான குரல் இருக்கே, அது இல்லையா?" என்று கேட்டு வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுவாள். பேச்சில் நடுநடுவே மெஷின் நிற்கும், நூல் அறுந்தது என்று திட்டுவாள், மறுபடி ஓடும். அச்சகத்தில் வேலை பார்க்கும் பத்தொன்பது வயது மகளைப் பற்றிச் சொல்வாள். "அவளுக்கு அப்பான்னா உயிரு. நான் வாயைத் திறந்தா மட்டும் அவளுக்கு ஆகாது. உனக்கு எதுக்கும்மா புகாரு, அந்த ஆளுகிட்டயே நயமா பேசி வாங்கக் கூடாதாங்கறா. நயமாம்! மூணு மாசமா நயமாத்தான் நின்னேன், கால் வீங்கினதுதான் மிச்சம். எனக்கில்ல, அவருக்கு."

நான்காவது வாரம் அக்கா கேட்டாள். "ஏன் தங்கச்சி, நான் சொன்னதெல்லாம் போய்ச் சேர்ந்துச்சா?"

"பதிவாயிடுச்சுக்கா." அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். பொய்யும் இல்லை.

அன்று மாலை அவள் புரொபசரின் அறைக்குப் போய் நின்றாள். அவர் எழுந்து நாற்காலியைக் காட்டினார். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார், நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை.

"உங்க மனசு எனக்குப் புரியுதும்மா. ஆனா இப்படிப் பாருங்க. ஒரு புது மருந்து வந்தா, பாதிப் பேருக்குக் குடுத்து பாதிப் பேருக்குக் குடுக்காமத்தானே அது வேலை செய்யுதான்னு பாக்கறாங்க? நமக்குப் பாவம்னு தோணற ஒவ்வொருத்தருக்கும் நிறத்தை மாத்தினா, கடைசில நம்ம கையில ஒண்ணும் இருக்காது. இது பலிக்குதுன்னு நிரூபிச்சா நாடு பூரா கொண்டுவரலாம். லட்சக்கணக்கான பேரு."

"அதுவரைக்கும் இவங்க?"

"அதுவரைக்கும் அவங்களுக்கு, நாம இல்லாம இருந்தா எப்படி இருந்திருக்குமோ அப்படித்தான் இருக்கும். நாம கெடுதல் எதுவும் செய்யலையே."

அவர் சொன்னதில் ஓட்டை எங்கே என்று அவளுக்குப் பிடிபடவில்லை. படியிறங்கும்போது தன் செருப்புச் சத்தம் தனக்கே எரிச்சலாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், அக்கா கூப்பிட்டாள். பின்னால் மெஷின் ஓடவில்லை.

"இன்னைக்கு ஒண்ணே முக்கால் மணி நேரம் தங்கச்சி. என் கண்ணு முன்னாடி பிடுங்கிட்டான். அவரால படுக்க முடியல, படுத்தா மூச்சு அடைக்குது. சுவத்துல சாஞ்சு உட்கார்ந்தே இருக்காரு. உன்கிட்ட மட்டுந்தான் சொல்றேன், எனக்குப் பயமா இருக்கு."

அவள் பச்சைத் தாளை எடுத்தாள்.

தன்னால் முடிந்த அளவுக்கு நன்றாக எழுதினாள். செவ்வாய், வெள்ளி. ஜன்னலோர மெஷின். ஐம்பத்திநான்கு வயது நோயாளி, மனைவி தையல் வேலை, மூன்று மாதமாகப் பணம் கொடுக்க முடியவில்லை, எந்தத் தேதியில் எத்தனை நிமிடம். விவரம் எவ்வளவு இருக்கோ அவ்வளவு பலம். எழுதி முடித்து, மற்ற பச்சைத் தாள்களுக்கு நடுவில் செருகி, தட்டில் வைத்தாள். கட்டுக் கட்டி அனுப்புகிற பெண் பெயரை வெட்டுவாளே தவிர மீதியைப் படிக்க மாட்டாள். வீட்டுக்குப் போனதும் கணவன், "என்ன, முகத்துல பல்பு எரியுது?" என்று கேட்டான். "சும்மா" என்றாள். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை அக்காவின் குரலில் சிரிப்பு வழிந்தது. "நாலு மணி நேரம்! முழுசா நாலு மணி நேரம் போட்டான், தங்கச்சி! அண்ணே, தண்ணி வேணுமான்னு வேற கேட்டான். உனக்குப் புண்ணியமா போகும்."

ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அவள் கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷ அழுகைதான்.

அந்தப் புகார் ஆஸ்பத்திரியில் எப்படிப் பயணம் செய்தது என்பது அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. தலைமை அதிகாரி அதைப் படித்துவிட்டு, எந்தப் புகார் வந்தாலும் செய்வதையே செய்தார். ஓரத்தில் 'உரிய விளக்கம் பெறவும்' என்று எழுதி, யார் மீது புகாரோ அவனுக்கே அனுப்பினார். மணிக்கூண்டு அதை வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தான். பெயர் இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. ஜன்னலோர மெஷினில் செவ்வாயும் வெள்ளியும் படுக்கிற, தையல்காரியின் கணவனுக்கு வேறு பெயர் தேவையா?

அந்த முழு நான்கு மணி நேரம் ஒரே ஒரு நாள்தான். விளக்கத்தில் காட்டுவதற்காக.

அடுத்த செவ்வாய், ஜன்னலோர மெஷின் பழுது என்றார்கள். வெள்ளிக்கிழமை பட்டியலில் அவர் பெயரே இல்லை. இடநெருக்கடி காரணமாக வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டு பஸ் மாறி அங்கே போனால், எங்களுக்கு அப்படி எந்தக் கடிதமும் வரவில்லையே என்றார்கள். திரும்பி வந்து வார்டு வாசலில் நின்றார்கள். மணிக்கூண்டு வெளியே வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"நாலு மணி நேரம் வேணும்னு மேலிடத்துக்கு எழுதினவங்க நீங்க. இங்க ரெண்டரை மணி நேரந்தான். உங்க தகுதிக்கு ஏத்த ஆஸ்பத்திரியாப் பாத்துக்குங்க."

காத்திருந்த நோயாளிகள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்கா இதையெல்லாம் போனில் ஒப்பித்தாள், அழாமல், அவசரமாக. "எப்படித் தெரிஞ்சுது தங்கச்சி? பேரு வராதுன்னு சொன்னியே? நீ சொல்லியிருக்க மாட்ட, எனக்குத் தெரியும். வேற எவளாவது சொல்லியிருப்பாளா உங்க ஆபீஸ்ல?"

அவள் பேனாவை மூடி வைத்தாள். "விசாரிக்கறேன்க்கா."

"அதெல்லாம் அப்புறம். இப்ப என்ன செய்யறது, அதைச் சொல்லு. புகார் பொய்யின்னு எழுதிக் குடுத்தா சேத்துக்கறேங்கறான். எழுதவா?"

"எழுதிக் குடுத்திடுங்க."

"என்னன்னு எழுத?"

அவளே வாசகம் சொன்னாள். தவறான புரிதலால் புகார் கொடுத்துவிட்டேன், இப்போது சேவை முழுத் திருப்தியாக இருக்கிறது, புகாரைத் திரும்பப் பெறுகிறேன். அக்கா ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள். திருப்தி என்பதற்கு எந்த 'ரு' என்று கேட்டாள்.

மணிக்கூண்டு கடிதத்தை வாங்கிக்கொண்டான், நகலும் எடுத்துக்கொண்டான். ஆனால் செவ்வாய் வெள்ளி இடத்தை அதற்குள் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தான். "காலி வந்தா கூப்பிடறேன்" என்றான். காலி வரவில்லை. கடைசியாக ரத்தம் சுத்தம் செய்ததற்குப் பன்னிரண்டாம் நாள், பகல் பதினோரு மணிக்கு, வார்டுக்கு வெளியே இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தபடியே அக்காவின் கணவர் இறந்துபோனார். கதவுக்கு அந்தப் பக்கம் ஆறு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அக்கா ஒருமுறை கூப்பிட்டாள். புகார் எதுவும் இல்லை. "அவரு போயிட்டாரு. உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஸ்டேப்ளர் அவளைக் கூப்பிட்டார். அவர் கையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதக் கட்டு. அனுப்பவே அனுப்பாத புகாருக்கு விளக்கமும், புகாரைத் திரும்பப் பெற்ற கடிதமும் எப்படி வந்தன என்று அவர் தலையைப் பிய்த்துக்கொண்டு தேடி, கட்டோடு திரும்பி வந்த பச்சைத் தாளில் அவள் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "உன்னை எல்லாம் சிபாரிசு பண்ணினேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று முணுமுணுத்தபடி புரொபசரின் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

புரொபசர் திட்டவில்லை. கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"இதைப் பாருங்கம்மா. உங்க தாள் போறதுக்கு முன்னாடி மூணு மாசத்துல இந்த ஆஸ்பத்திரியில இருந்து இருபத்தாறு புகார். தாள் போன பிறகு?" அவர் விரல் திரையில் தரையோடு ஊர்ந்த கோட்டைத் தொட்டது. "ஒண்ணு கூட இல்ல. பச்சை ஆஸ்பத்திரி எதுலயும் இவ்வளவு வேகமா இறங்கல. ஒரே ஒரு புகார், அவ்வளவு விவரமா எழுதினது. அதுதான் காரணமா இருக்கணும். நீங்க செஞ்சது தப்புதான். ஆனா நமக்கு இது ஒரு பாடம்."

"சார், அங்க யாரும் திருந்தல. பயந்துட்டாங்க. அந்த நோயாளி செத்துப் போயிட்டார் சார். பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். உண்மையிலேயே வருத்தப்பட்டார், அவளுக்கு அது தெரிந்தது.

"ரொம்பக் கஷ்டமா இருக்கு. ஆனா அந்த நிலைமையில இருக்கற நோயாளிங்க… புகாராலதான் இறந்தார்னு சொல்ல நம்மகிட்ட என்ன ஆதாரம் இருக்கு? எழுத்துல இருக்கறது முழுத் திருப்தின்னு அந்த அம்மா கைப்பட எழுதின கடிதந்தானே?"

அந்த வாசகம் யாருடையது என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும் என்று நினைத்தாளா, வாய் வரவில்லையா என்று பின்னால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

புரொபசர் அந்த ஆஸ்பத்திரியைத் தனி எடுத்துக்காட்டாக எழுத விரும்பினார். அதற்குப் புகார் கொடுத்தவரை நேரில் கண்டு ஒரு கேள்வித்தாள் நிரப்ப வேண்டும். "அவங்களுக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு. நீங்களே போயிட்டு வாங்க" என்றார்.

சந்தின் கடைசி வீடு. முன்னறை முழுக்க மெஷினும் நீலத் துணிக் குவியலும். அக்கா அவள் கற்பனை செய்ததைவிடக் குள்ளம், நரை அதிகம். வாசலில் நின்று, "புகார் ஆபீஸ்ல இருந்து…" என்று ஆரம்பித்ததுமே அக்கா மெஷினை நிறுத்திவிட்டாள்.

"நீயா! அந்தக் குரல்தானே? உள்ள வா தங்கச்சி, உள்ள வா." துணிக் குவியலை ஒதுக்கி இடம் செய்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "என்ன இப்படி எலும்பா இருக்க? குரலைக் கேட்டா தாட்டியா இருப்பேன்னு நெனச்சேன்."

அவள் கேள்வித்தாளை எடுத்தாள். முதல் கேள்வியை வாசித்தாள். "புகார் கொடுத்த பிறகு சேவையில் முன்னேற்றம் கண்டீர்களா? ஒன்றிலிருந்து ஐந்துக்குள்…"

அக்கா கேள்வித்தாளை எட்டிப் பார்த்தாள். "எது போட்டா உனக்கு நல்லதோ அதைப் போட்டுக்கோ. என்னை மனுஷியா மதிச்சுப் பேசினது நீ ஒருத்திதான்."

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கொட்டிவிட்டாள். வெள்ளைத் தாள், பச்சைத் தாள், அலமாரி, தான் நிறத்தை மாற்றியது, ஜன்னலோர மெஷின் என்று எழுதியது. அக்கா கேட்டபடி ஒரு யூனிபார்மின் காலரை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"நீ அதை எழுதாம இருந்திருந்தா?"

"வெள்ளையாவே இருந்திருக்கும். யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"ரெண்டரையோ ஒண்ணே முக்காலோ, கெடச்சுக்கிட்டு இருந்திருக்கும்."

"ஆமாக்கா."

"இருந்திருப்பாரு."

அக்கா கத்தவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். காலரை மடித்து ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என் மக என்கூடப் பேசி ஒரு மாசமாச்சு. நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா அப்பா உயிரோட இருந்திருப்பாருங்கறா. ஒரே வீட்டுல இருக்கோம், சோத்தைப் போட்டு வெச்சா நான் அந்தப் பக்கம் போன பிறகுதான் வந்து எடுக்கறா. மூணு மணிக்கு வந்துடுவா. நீ இப்ப என்கிட்ட சொன்னியே, அதை அப்படியே அவகிட்ட சொல்லு. அம்மா மேல தப்பில்ல, நாந்தான் எழுதினேன்னு. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நாற்பது.

"சொல்றேன்க்கா" என்றாள்.

அக்கா மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். அவள் டீயைக் குடித்தாள். அச்சகத்தில் வேலை பார்க்கிற பெண். படித்தவள். அப்பா என்றால் உயிர். அவள் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாளா? ஆபீசுக்கு வருவாள், பத்திரிகைக்குப் போவாள், போலீசுக்குப் போவாள். பச்சைத் தாளில் இருப்பது தன் கையெழுத்து. வேலை போனால் வீட்டில் ஏற்கெனவே ஒருத்தன் வேலை இல்லாமல் இருக்கிறான். இரண்டு ஐம்பதுக்கு அவள் எழுந்தாள்.

"சந்து முனை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்க்கா. சார் ஒருத்தர் நிக்கறாரு, சொல்லிட்டு வந்துடறேன்."

யாரும் நிற்கவில்லை. அக்காவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மெஷினை நிறுத்தாமலே, "போ" என்றாள்.

சந்தின் பாதியில், விரல் நுனியெல்லாம் மை படிந்த ஒரு பெண் எதிரே வந்தாள். இவள் கையில் இருந்த கோப்பைப் பார்த்து நின்றாள். "யாரைத் தேடறீங்க? எங்க வீட்டுக்கா?"

"இல்லம்மா. வீடு மாறி வந்துட்டேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தாள். இறங்குவதற்கு முன்னால் கேள்வித்தாளை எடுத்து, எல்லாக் கட்டத்திலும் ஐந்து போட்டாள்.

அறிக்கையில் அந்த ஆஸ்பத்திரிக்கு மட்டும் நான்கு பக்கம் கிடைத்தது. திட்டத்தை இன்னும் அறுபது ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோக அனுமதி வந்தது. எல்லாமே பச்சை. புதிதாக எடுத்த முப்பது பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க அவளைத்தான் போட்டார்கள். அவள் நன்றாகவே சொல்லிக்கொடுத்தாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே 'ம்' கொட்ட வேண்டும், எதிர்முனையில் அழுகை வந்தால் எத்தனை நொடி காத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள், பின்வரிசையில் இருந்த ஒருத்தி கை தூக்கினாள்.

"மேடம், பேரு வெளிய வராதுன்னு சொல்றமே, நிஜமாவே வராதா?"

"பேரு வராது" என்றாள் அவள்.